ஆட்டைக்குச் சப்பாணி: விளையாட்டுச் சொற்களும் வசையும் குறித்துச் சில குறிப்புகள்

பாலாற்றில் தண்ணீர் ஓடாத மாதங்களில்தான் எங்கள் பக்கம் கிரிக்கெட் ஓடும். மணல் அள்ளி அள்ளிப் பள்ளமாகிப்போன ஆற்றுப்படுகையில், கொஞ்சம் களிமண் தட்டுப்பட்ட இடமாகப் பார்த்து மட்டப்படுத்தி, ஞாயிற்றுக்கிழமைகளில் டென்னிஸ் பந்தில் ஆடுகிறார்கள். முழங்கால் ஒத்துழைத்த வரையில் நானும் ஆடினேன். இப்போது ஸ்கோர் எழுதுகிறேன். நோட்டுப்புத்தகமும் பேனாவும் என்னுடையவை என்பதைத் தவிர இந்தப் பதவிக்கு வேறு தகுதி எனக்கு இல்லை.

சில மாதங்களுக்கு முன் ஒரு ஆட்டத்தில் இடப்பக்கத்தில் ஒரு அணியின் பெயரை எழுதினேன். ஆங்கிலத்தில் பளபளப்பான பெயர், பனியனில் அச்சடித்திருந்தார்கள். வலப்பக்கத்தில் 'தோல்ஷாப்' என்று எழுதினேன். டேனரித் தெருப் பையன்கள் அவர்கள். அவர்களுடைய அப்பாக்களும் தாத்தாக்களும் சுண்ணாம்புக் குழியில் நின்றவர்கள். ஊரில் எல்லோரும் அவர்களை அப்படித்தான் சொல்வார்கள். அவர்களே தங்களுக்குள் 'நம்ம தோல்ஷாப் டீம்டா' என்று கத்திக்கொண்டு ஓடுவதை நூறு முறை கேட்டிருக்கிறேன். ஆட்டம் முடிந்து நோட்டைப் பார்க்க வந்த பையன், இருபது வயதிருக்கும், விரலை அந்தச் சொல்லின் மேல் வைத்தான்.

'இன்னாணா இது? அவுங்களுக்குப் பேர் எழுதிக்கிறே. எங்களுக்கு இன்னாத்துக்கு வேலைய எழுதிக்கிறே?'

'நீங்களே அப்படித்தானப்பா சொல்றீங்க' என்றேன்.

'நாங்க சொல்லிக்கலாம்ணா. நீ எழுதக் கூடாது.'

இந்தக் கட்டுரை அந்த ஒரு வாக்கியத்துக்குப் பதில் சொல்ல முயன்று முடியாமல் எழுதியது.

வேலூரில் தொழிற்சங்க வேலை செய்யும் நண்பரிடம் இதைச் சொன்னபோது அவர் சிரித்தார். 'இதெல்லாம் அமெரிக்கப் பல்கலைக்கழகச் சரக்கு தோழர். அரசியல் சரித்தன்மைன்னு பேரு. சொல்ல மாத்து, மத்ததெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு அர்த்தம். 2015 ஜனவரியில ராணிப்பேட்டை சிப்காட்ல கழிவுத் தொட்டி ஒடஞ்சு, தூங்கிக்கிட்டிருந்த தொழிலாளிங்க மேல சேறு எறங்கி பத்துப் பேர் செத்தாங்க. அவுங்கள மரியாதையா எப்படிக் கூப்பிடறதுன்னு பேசலாமா?' அவர் கோபம் எனக்குப் புரியாததல்ல. ஏற்றுமதிக்கு ஷூ தைக்கும் ஒரு கம்பெனியில் நான் சில ஆண்டுகள் கணக்கெழுதினேன். வெளிநாட்டு வாங்குநரின் ஆடிட் வருகிற அன்று மட்டும் சூப்பர்வைசர் வாயிலிருந்து 'வாங்கம்மா, போங்கம்மா' வரும். சுவரில் சாதி, மதம், பால் அடிப்படையில் பாகுபாடு காட்டப்படாது என்று தமிழில் பலகை தொங்கும். மறுநாள் பலகை அங்கேயேதான் இருக்கும். 'ஏய்' திரும்பி வந்துவிடும். சரியான சொல் எவ்வளவு மலிவாகக் கிடைக்கும் என்பதைத் தோல்பட்டைக்காரனுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஆனால் 'இது இறக்குமதிச் சரக்கு' என்பது வரலாற்றுப் பிழை. 1922இல் சென்னை சட்டமன்றத்தில் எம்.சி. ராஜாவின் முயற்சியால் ஒரு தீர்மானம் நிறைவேறியது. பறையர், பஞ்சமர் என்ற பெயர்களை அரசு ஆவணங்களிலிருந்து நீக்கிவிட்டு ஆதி திராவிடர், ஆதி ஆந்திரர் என்று எழுத வேண்டும் என்பது அது. அதற்கு ஏறத்தாழ முப்பதாண்டுகளுக்கு முன்பே, 1893இல், இரட்டைமலை சீனிவாசன் இதற்கு நேர்மாறான ஒன்றைச் செய்தார். தான் தொடங்கிய பத்திரிகைக்கே 'பறையன்' என்று பெயர் வைத்தார். ஒருவர் அந்தச் சொல்லை எடு என்கிறார், மற்றவர் அதைத் தலைப்பில் தூக்கி வைக்கிறார். இரண்டும் ஒரே போராட்டத்தின் இரண்டு கைகள். ஆற்றுப்படுகையில் அந்தப் பையன் இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னான்: நாங்கள் சொல்லிக்கொள்ளலாம், நீ எழுதக் கூடாது. அமெரிக்காவில் 'பொலிட்டிக்கல் கரெக்ட்னஸ்' என்ற சொல் கேலிப்பொருளாவதற்கு ஒரு நூற்றாண்டு முன்பே இந்த விவாதம் தமிழில், ஒடுக்கப்பட்டவர்களால், அவர்களுடைய சொந்தக் காசில் அச்சடித்து நடத்தப்பட்டிருக்கிறது. இறக்குமதி என்று பேசுகிறவர்கள் இதை முதலில் படிக்கட்டும்.

இந்த இடத்தில் விளையாட்டுக்கு வரலாம். ஆங்கில விளையாட்டுப் பக்கங்களை வாசிப்பவர்களுக்கு 'ஸ்போர்ட்டிங் பரையா' என்ற தொடர் பழக்கமானது. நிறவெறி அரசு இருந்தவரை தென்னாப்பிரிக்காவை அப்படித்தான் எழுதினார்கள். 1964 டோக்கியோ ஒலிம்பிக்கிலிருந்து அந்நாடு விலக்கப்பட்டது. 1970இல் ஒலிம்பிக் அமைப்பிலிருந்தே வெளியேற்றப்பட்டது. அதே ஆண்டில் சர்வதேச கிரிக்கெட்டிலிருந்தும் ஒதுக்கப்பட்டு, 1991 நவம்பரில் கல்கத்தா ஈடன் கார்டனில் இந்தியாவோடு ஆடித் திரும்ப வந்தது. அந்த இருபத்தோரு ஆண்டுகளும் அது 'பரையா'. ஊக்கமருந்து உட்கொண்டவர், சூதாட்டத்தில் சிக்கியவர், தடை செய்யப்பட்ட நாடு என்று யாரை ஒதுக்கினாலும் அந்தச் சொல்தான் இன்றும் வருகிறது. பறை என்ற தோற்கருவியிலிருந்து ஒரு சாதியின் பெயராகி, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரர்களின் காலத்தில் ஆங்கிலத்துக்குக் கப்பலேறிய நம் தமிழ்ச் சொல் அது. இதிலுள்ள தலைகீழ் விளையாட்டைக் கவனிக்க வேண்டும். ஒதுக்குவதையே சட்டமாக்கி வைத்திருந்த ஒரு வெள்ளை அரசுக்கு, ஒதுக்கப்பட்டவர்களின் பெயர் வசையாகச் சூட்டப்படுகிறது. ஒதுக்கியவனுக்குப் பெயர் இல்லை. உலக மொழிகளில் 'பார்ப்பனத்தனமான தேசம்' என்றொரு விளையாட்டுத் தொடர் உருவாகவில்லை. நிறவெறிக்கு எதிராக நேர்மையாக எழுதிய பத்திரிகையாளர்களே இச்சொல்லைக் கூசாமல் பயன்படுத்தினார்கள் என்பதுதான் இங்கு முக்கியமானது. கெட்ட எண்ணம் இல்லாமலேயே ஒரு சொல் தன் வேலையைச் செய்துகொண்டு போகும். சொல்லாடல் என்று நாம் பேசுவது இதைத்தான்.

எங்கள் ஊரில் கிரிக்கெட் பந்து செய்வதில்லை. ஷூ, ஷூவின் மேற்பகுதி, கையுறை, பதனிட்ட தோல், இவைதாம். ஒரு காலத்தில் ஆவாரம்பட்டை, பிறகு குரோம். கிரிக்கெட் பந்துக்கு இரண்டுமே உதவாது. அதற்குப் படிகாரத்தில் பதனிட்ட மாட்டுத் தோல் வேண்டும். மீரட்டிலும் ஜலந்தரிலும் செய்கிறார்கள். மீரட்டில் அதைத் தைக்கும் கைகள் பெரும்பாலும் ஜாதவர்களுடையவை. பசுவுக்காகக் கொலை நடக்கிற வடநாட்டில், பசுத்தோல் பந்தை உமிழ்நீர் தொட்டுப் பேன்ட்டில் தேய்த்துப் பளபளப்பாக்கிய கைகள் எல்லாச் சாதியுடையவையும்தான். (கொரோனா வந்து எச்சிலுக்குத் தடை போட்டது வேறு கதை.) 1806 ஜூலையில் வேலூர்க் கோட்டையில் சிப்பாய்கள் கிளர்ந்தெழுந்ததற்கான காரணங்களில் ஒன்று புதிய தலைப்பாகையில் வைத்திருந்த தோல் குஞ்சம். அதே தோல் பந்தாக வந்தபோது யாரும் கலகம் செய்யவில்லை.

பல்வங்கர் பாலூவின் கதை இங்கேதான் பொருந்துகிறது. 1876இல் பிறந்தவர், சமார் சாதி. புனேயில் வெள்ளையர் கிளப்பில் ஆடுதளத்தைப் பராமரிக்கும் வேலையிலிருந்து பந்துவீச வந்தவர். இடக்கைச் சுழல். புனே இந்துக்கள் அணிக்கு அவர் விக்கெட் வேண்டியிருந்தது, சேர்த்துக்கொண்டார்கள். மைதானத்தில் அவர் தொட்ட அதே பந்தை மற்றவர்களும் தொட்டார்கள். தேநீர் இடைவேளையில் அவருக்கு மட்டும் பந்தலுக்கு வெளியே, தூக்கியெறியும் மண்குவளையில் தேநீர். பந்துக்குத் தீட்டில்லை, கோப்பைக்கு உண்டு. 1911இல் இங்கிலாந்து போன இந்திய அணியில் நூறுக்கும் மேற்பட்ட விக்கெட்டுகளை வீழ்த்தியவர் அவர். அணித்தலைமை அவருக்குக் கடைசிவரை வரவில்லை. அவருடைய தம்பி விட்டலுக்கு 1923இல்தான் இந்துக்கள் அணியின் தலைமை கிடைத்தது. பாலூவை யாரும் மைதானத்தில் வைதார்களா என்பதல்ல என் கேள்வி. வைவதற்கு அவசியமே இல்லாதபடி ஏற்பாடு முன்கூட்டியே இருந்தது. வசை தேவைப்படுவது அந்த ஏற்பாடு ஆட்டம் காணும்போதுதான்.

சமீப காலத்தில் உலக கிரிக்கெட் தன் சொற்களைக் கொஞ்சம் துடைத்துக்கொண்டிருக்கிறது. இடக்கையால் மணிக்கட்டைச் சுழற்றி வீசும் பந்தைச் 'சைனாமேன்' என்றார்கள். 1933இல் ஓல்ட் டிராஃபோர்டில், சீன வம்சாவளியில் வந்த ட்ரினிடாட்டுக்காரர் எல்லிஸ் அச்சோங் வீசிய பந்தில் ஸ்டம்ப் செய்யப்பட்ட வால்டர் ராபின்ஸ், போயும் போயும் ஒரு சீனாக்காரனிடமா என்று எரிச்சல்பட்டதிலிருந்து வந்ததாகச் சொல்வார்கள். சொல் அதற்கும் முந்தியது என்பாரும் உண்டு. எப்படியோ, 2017இல் குல்தீப் யாதவ் டெஸ்ட் ஆட வந்தபோது இந்தச் சொல் எல்லாப் பத்திரிகைகளிலும் தலைப்பானது. சீனப் பின்னணி கொண்ட ஆஸ்திரேலியப் பத்திரிகையாளர் ஆண்ட்ரூ வூ அதை எதிர்த்து எழுதினார். 2018 விஸ்டன் அச்சொல்லைக் கைவிட்டது. 2021 செப்டம்பரில் எம்.சி.சி. தன் விதிகளில் 'பேட்ஸ்மேன்' என்பதை 'பேட்டர்' ஆக்கியது. நம் பத்திரிகைகளில் 'சைனாமேன் பவுலர்' அதற்குப் பின்னும் சர்வசாதாரணமாக வந்தது. நமக்கென்ன, சீனாக்காரனுக்கும் நமக்கும் எந்தப் பகையும் இல்லையே என்ற நினைப்பு. 'பரையா' என்று எழுதுகிற வெள்ளைக்காரப் பத்திரிகையாளனுக்கும் இதே நினைப்புதான்.

'பேட்டர்' விஷயத்தில் தமிழ் முன்னாலேயே நிற்கிறது என்று பெருமைப்படலாம். மட்டையாளர், பந்துவீச்சாளர் இரண்டுமே பால் காட்டாதவை. ஆனால் ஆட்டம் முடிந்ததும் 'ஆட்டநாயகன்' வந்துவிடுவான். ஆங்கிலத்தில் 'பிளேயர் ஆஃப் தி மேட்ச்' ஆன பிறகும் நம்மிடம் நாயகன்தான். சினிமாவிலிருந்து வந்த வியாதி. பெண்கள் ஆடினால் நாயகி. இருவருக்கும் பொதுவான சொல் நமக்குத் தேவைப்பட்டதே இல்லை, ஏனெனில் இருவரும் ஒரே பக்கத்தில் அச்சானதே அபூர்வம். ஆற்றுப்படுகையில் இதன் கொச்சை வடிவம் 'வளையல் போட்டுக்கோடா'. எங்கள் ஊர் ஷூ கம்பெனிகளில் வேலை செய்பவர்களில் பெரும்பான்மையினர் பெண்கள். ஞாயிற்றுக்கிழமை அவர்கள் துணி துவைத்துக்கொண்டிருக்க, அவர்கள் சம்பளத்தில் வாங்கிய மட்டையைப் பிடித்துக்கொண்டு தம்பிமார்கள் ஒருவரையொருவர் வளையல் போட்டுக்கொள்ளச் சொல்கிறார்கள்.

மன்கட் கதையை மறக்கக் கூடாது. 1947 டிசம்பரில் சிட்னியில், பந்து வீசும் முன்பே கோட்டைத் தாண்டிப் போன பில் பிரவுனை வினூ மன்கட் ரன் அவுட் செய்தார். விதிப்படி அவுட். எதிரணித் தலைவர் பிராட்மேனே பிற்பாடு அவர் செய்ததில் தவறில்லை என்று எழுதினார். ஆனாலும் அச்செயல் 'மன்கடிங்' ஆனது. கோட்டைத் தாண்டியவனின் பெயர் ஒட்டாமல், பிடித்தவனின் பெயர் ஒட்டியது. 2019 மார்ச்சில் ஜெய்ப்பூரில் நம் அஷ்வின் ஜோஸ் பட்லரை அப்படி வீழ்த்தியபோது, விதி என்ன சொல்கிறது என்று அவர் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது. 2022 அக்டோபரில் அதை 'முறையற்ற ஆட்டம்' என்ற பிரிவிலிருந்து எடுத்து 'ரன் அவுட்' பிரிவில் வைத்தார்கள். வெறும் சொல் மாற்றம்தான், ஆனால் குற்றம் இடம் மாறியிருக்கிறது. சொல்லை மாற்றி என்ன ஆகப்போகிறது என்கிற தோழருக்கு நான் காட்டும் உதாரணம் இது.

ஆனால் எனக்கு முக்கியமான சொல் லண்டனில் இல்லை. தமிழ்நாட்டில் தெருவில் விளையாடிய எல்லோருக்கும் 'ஒப்புக்குச் சப்பாணி' தெரியும். சில இடங்களில் 'ஆட்டைக்குச் சப்பாணி'. சின்னப் பையன், அல்லது ஆள் கணக்கில் மிஞ்சியவன், அழுது தொலைக்கிறானே என்று சேர்த்துக்கொள்வது. ஓடலாம், பந்து பொறுக்கலாம். அவன் அவுட்டும் செல்லாது, ரன்னும் செல்லாது. பதினொரு வயதில் எங்கள் தெருவில் போலியோவால் கால் சூம்பிய நண்பன் ஒருவன் இருந்தான். அவனுக்கு இது பட்டப்பெயராகவும் இருந்தது, அவன் வகித்த இடமாகவும் இருந்தது. விக்கெட்டுக்குப் பின்னால் உட்கார வைத்திருந்தோம். ஒருநாள் மட்டையைக் கொடுத்தபோது கட்டாந்தரையில் ஒரு காலை ஊன்றி மூன்று பவுண்டரி அடித்தான். எண்ணவில்லை. பல ஆண்டுகள் கழித்து, இப்போது ஆம்பூரில் கடை வைத்திருக்கிற அவனிடம் இதைப் பேச்சோடு பேச்சாகச் சொல்லி, மன்னிப்பு மாதிரி ஏதோ கேட்டேன். அவன் சொன்னான்: 'கூப்ட்டத விடுடா. அந்தப் பன்னண்டு ரன்ன எண்ணலியேடா நீங்க.'

இதைக் கேட்ட பிறகுதான் எனக்கு ஒன்று புரிந்தது. 'ஒப்புக்குச் சப்பாணி' என்பது ஒரு ஆளைக் குறிக்கும் கெட்ட பெயர் மட்டுமல்ல. அது ஒரு விதி. யாருடைய ரன் கணக்கில் வரும், யாருடையது வராது என்று தீர்மானிக்கும் சட்டம் அந்தச் சொல்லுக்குள் சுருண்டு கிடக்கிறது. 1977இல் வந்த '16 வயதினிலே'யில் மயில், சப்பாணி என்று எவனாவது கூப்பிட்டால் அறைந்துவிடு, உன் பெயர் கோபாலகிருஷ்ணன் என்று சொல்லிக்கொடுப்பாள். அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு வந்துதான் தமிழ்நாடு முழுக்கப் பையன்கள் சப்பாணி நடை நடந்து காட்டினார்கள். கருணாநிதி தமது 2006–11 ஆட்சிக் காலத்தில் 'ஊனமுற்றோர்' என்பதற்குப் பதில் 'மாற்றுத்திறனாளி' என்ற சொல்லை அரசு வழக்காக்கினார். அச்சொல்லைக் கேலி செய்தவர்கள் உண்டு. 2016இல் ரியோ பாராலிம்பிக்கில் சேலம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டுதலில் தங்கம் வென்றபோது அவரைக் குறிக்க நம் பத்திரிகைகளிடம் ஒரு கௌரவமான சொல் தயாராக இருந்ததல்லவா? அது இல்லாவிட்டால் என்ன எழுதியிருப்பார்கள் என்று பழைய இதழ்களைப் புரட்டினால் தெரியும். ஆனால் சொல்லை மட்டும் கொடுத்து ரன்னை எண்ணாமல் விட்டால் அது ஆடிட் நாள் மரியாதை. என் நண்பன் இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தவன்.

சாந்தி சவுந்தரராஜனுக்கு நடந்தது இதைவிடக் கொடியது. புதுக்கோட்டை மாவட்டத்துச் செங்கல்சூளைத் தொழிலாளியின் மகள், தலித். 2006 டிசம்பரில் தோகா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி. சில நாட்களில் பதக்கம் பறிக்கப்பட்டது. 'பாலினச் சோதனையில் தோல்வி' என்று எழுதினார்கள். ஓட்டத்தில் தோற்கலாம், தேர்வில் தோற்கலாம். ஒருத்தி தன் உடம்பில் எப்படித் தோற்பாள்? அந்த வாக்கியத்தில் யாரையும் இழிவுபடுத்தும் சொல் ஒன்றுகூட இல்லை. மருத்துவச் சொல், விளையாட்டுச் சொல், இலக்கணம் எல்லாம் சுத்தம். வசைச் சொற்களின் பட்டியல் போட்டு அழித்துவிட்டால் போதும் என்று நம்புகிறவர்கள் இந்த வாக்கியத்தை எந்தப் பட்டியலில் சேர்ப்பார்கள்?

அப்பட்டமான வசைக்கும் பஞ்சமில்லை. 2020இல் யுவராஜ் சிங், ரோகித் சர்மாவோடு நேரலையில் பேசும்போது சக வீரர் ஒருவரைக் கேலி செய்ய வட இந்தியத் துப்புரவுத் தொழிலாளர் சாதியின் பெயரைச் சொன்னார். நண்பர்களுக்குள் விளையாட்டாகச் சொன்னது என்றார்கள். அவர் வருத்தம் தெரிவித்தார். ஹரியானாவில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் வழக்குப் பதிவாகி, 2021 அக்டோபரில் முறைப்படி கைது செய்யப்பட்டு ஜாமீனில் விடப்பட்டார். பொதுமக்கள் பார்வைக்கு உட்பட்ட இடத்தில் சாதிப் பெயர் சொல்லி வைவதுதான் 1989ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். நான்கு சுவருக்குள் சொன்னால் இந்தப் பிரிவு பிடிக்காது. அந்த வகையில் ஆடுகளம் நல்ல இடம், எல்லோர் பார்வையிலும் இருப்பது. அதனால்தானோ என்னவோ ஆடுகளத்தில் சாதிப் பெயரை நேரே சொல்லாமல் தொழிலைச் சொல்கிறார்கள், தெருவைச் சொல்கிறார்கள், 'வாடை வருதுடா' என்கிறார்கள். சட்டத்துக்கு மூக்கு கிடையாது. 2021 ஆகஸ்டில் டோக்கியோ ஒலிம்பிக் அரையிறுதியில் பெண்கள் ஹாக்கி அணி தோற்றதும், ஹரித்துவார் அருகே வந்தனா கட்டாரியாவின் வீட்டுக்கு முன் பட்டாசு வெடித்து, அணியில் தலித்துகள் அதிகமாகிவிட்டதால்தான் தோல்வி என்று கத்தினார்கள். சில நாள் முன்புதான் அவர் தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக மூன்று கோல் போட்டிருந்தார். அந்த மூன்று கோலும் அவர்களுக்கு ஒப்புக்குப் போட்டவை.

எங்கள் ஊரைப் பற்றி இன்னொன்று. ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் பேரணாம்பட்டிலும் முஸ்லிம்கள் கணிசமாக வாழ்கிறார்கள். தோல் வணிகமே அவர்களால் வளர்ந்தது. இந்தியா–பாகிஸ்தான் ஆட்டத்தன்று நம் நாளிதழ்களில் 'பரம எதிரி', 'பழிக்குப் பழி', 'துவம்சம்' எல்லாம் கொட்டை எழுத்தில் வரும். அதே டீக்கடையில், அதே பெஞ்சில், 'பாய், நீங்க எந்த சைடு?' என்று ஒருவர் சிரித்துக்கொண்டே கேட்பார். பாயும் சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 1999 ஜனவரி 31 அன்று சேப்பாக்கத்தில் 12 ரன்னில் இந்தியா தோற்றபின் வென்ற பாகிஸ்தான் அணிக்குக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. தமிழர்கள் அதைச் சொல்லிச் சொல்லிப் பெருமைப்படுகிறோம், சரிதான். 2021 அக்டோபரில் துபாயில் தோற்றதும் பதினொரு பேரில் முகமது ஷமியை மட்டும் துரோகி என்று வைதார்கள். கேப்டன் கோலி ஷமிக்காக வெளிப்படையாகப் பேசினார். 'பரம எதிரி' என்று அச்சடிக்கிறவர், தான் யாரையும் வையவில்லை என்று சத்தியமே செய்வார். அவர் எழுதியது நாட்டைப் பற்றி. படிக்கப்படுவது பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவரைப் பற்றி.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ஆட்டத்துக்கு முன்பே அந்தப் பையனைக் கூப்பிட்டு, 'உங்க டீமுக்குப் பேரு சொல்லு, எழுதறேன்' என்றேன். அவன் போய் மற்றவர்களிடம் கேட்டான். ஒருவன் அம்பேத்கர் பெயர் வேண்டும் என்றான். ஒருவன் இங்கிலீஷில் வை என்றான். இன்னொருவன், டேனரியிலேயே வேலை செய்கிறவன், 'தோல்ஷாப்புன்னே இருக்கட்டும்டா, ஜெயிச்சுட்டு அப்பறம் மாத்தலாம்' என்றான். சத்தம் அதிகமாகி டாஸ் போட நேரமாகிவிட்டது. 'அண்ணா, நீ கோடு போட்டு வையி, நாங்க அப்பறம் சொல்றோம்' என்று ஓடினான். கோடு போட்டு வைத்திருக்கிறேன். ஆறு ஓவரில் எழுபத்தொன்று அடித்தார்கள், எல்லாம் எண்ணியிருக்கிறேன்.